கண்மாய்க்கு மேலே ஒரு பலூன் வண்டி

என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டினார். எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் நாள் முழுக்க நடை அடிப்பார். பருத்தி எடுக்கும் மாதங்களில் கூலிக்குப் போகிற பெண்கள் ஏறுவார்கள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள். தன் சீட்டிலேயே பக்கத்தில் ஆள் உட்காரவைத்துவிட்டு, பாதி உடம்பு வெளியே இருக்க ஓட்டுவார். கை காட்டுகிறவரை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வராது. நான் கோபித்துக்கொண்டால், "வெயில்ல நிக்கிறாகல்ல" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஒரு மழை நாளில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது ரோட்டோரத்து மண் சரிந்து ஆட்டோ பள்ளத்தில் கவிழ்ந்தது. ஏறியிருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. வண்டி அவர் முதுகின் மேல் விழுந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது, புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பரளச்சி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊருக்கு அவரைப் படுக்கவைத்தே கொண்டுவந்தோம்.

பிறகு நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. விடியும் முன் எழுந்து அவருக்கு எல்லாம் செய்துவைப்பேன். துடைத்து, துணி மாற்றி, முதுகையும் குதிகாலையும் பார்த்து, எங்காவது சிவந்திருந்தால் பவுடர் போட்டு, சக்கர நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்காரவைப்பேன். தண்ணீர் பாட்டிலும் செல்போனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மதியம் அவருடைய மதினி, என் மூத்த ஓரகத்தி, அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, கட்டிலில் சாய்த்துவிட்டுப் போவாள். அவளுக்கும் காடு கரை வேலை இருந்தது. சாயங்காலம் நான் வரும்வரை அவர் தனியாகத்தான் இருப்பார்.

எங்கள் ஊருக்குள் வரும் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அந்தச் சாயங்கால பஸ்ஸை நம்பித்தான் எங்கள் வீடு நடந்தது.

ஒரு நாள் அது வரவில்லை. பிரேக் டவுன் என்றார்கள், டிரைவர் லீவு என்றார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பஸ்ஸில் ஏறி, பரளச்சி ரோட்டில் எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கி நடந்தேன். இரண்டு பக்கமும் வேலிக்கருவை முள். இருட்டிக்கொண்டு வந்தது. போனில் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டேன். மதியத்துக்குப் பிறகு எப்போதோ அவருக்கு வயிறு போயிருக்கிறது. படுக்கை முழுக்க ஆகியிருந்தது. செல்போன் கீழே விழுந்து கிடந்தது. ஓரகத்தி காட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவர் கைகளை மட்டும் மார்பின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

வெந்நீர் வைத்துத் துடைத்தேன். துடைத்து முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் நான் தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் பேசினார்.

"பஸ்ஸ நம்பி நீ போகக் கூடாது. வேற வழி பாக்கணும்."

"ஸ்கூட்டி ஓட்டப் பழகச் சொல்றீகளா?"

"ரோடே வேணாம்ங்கிறேன்."

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. செல்போனை நீட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரன் பெரிய மீன் மாதிரி நீளமான பலூனுக்குக் கீழே சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தான். பின்னால் விசிறி சுற்றியது. கீழே பச்சை வயல்கள், ஓட்டு வீடுகள். பலூன் மெதுவாக, எருமை நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு விபத்து நடந்த பிறகு அந்த வீட்டில் நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"நம்ம ஊர்ல இது வேலிக்கருவையில மாட்டி டப்புன்னு போயிரும்."

"கருவைக்கு மேல போகணும். கரண்டுக் கம்பிக்கும் மேல. இங்கருந்து கண்மாய்க்கு மேலயே நேரா புடிச்சா டவுனு ஒண்ணும் தூரமில்ல. ரோடு தான் சுத்துது."

"அவன் காலால மிதிக்கிறானே."

"எனக்கு மோட்டாரு வைக்கணும். ஒனக்குக் கால் இருக்கு, நீ மிதிச்சுக்க."

பஸ் ஹாரன் கேட்டதும் ஓடினேன்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் நான் கிளம்பும்போது அவர் வாசலில் உட்கார்ந்து காற்றைப் பார்த்துச் சொல்வார். "இன்னைக்குத் தெக்குக் காத்து. அலுங்காமக் கொண்டுபோய் விட்டுரும். வாறப்பத்தான் எதுத்துக்கிட்டு வரணும், பேட்டரி தின்னும்." ஆடி மாதம் காற்று மண்ணை வாரி இறைக்கும்போது, "இன்னைக்கு சர்வீஸு கெடையாது, பஸ்ஸுலயே போ" என்பார். பலூனை இறக்க எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களம் போதும் என்று முடிவு செய்தார். டவுனில் எங்கே இறக்குவது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. மருந்துக்கடை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கயிற்றைத் தொட்டியில் கட்டலாமா என்று கேட்டு வரச் சொன்னார். நான் கேட்டுவிட்டதாகவும் முதலாளி சம்மதித்துவிட்டதாகவும் சொன்னேன். அவருக்குத் தெரியும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்று. ஆனாலும் தலையாட்டிக்கொண்டார்.

இதையெல்லாம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் இருவரிடம் சொன்னேன். ஒருத்தி ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவள், கல்யாணமாகாத பெண். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அக்கா, வயது ஐம்பதைத் தாண்டியவர். நான் சும்மா சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆளுக்கொரு பலூனா மதினி?" என்று ஜவுளிக்கடைப் பெண் கேட்டாள்.

"ஆளுக்கொண்ணுன்னுதான் சொல்றாக."

"அப்ப எனக்குச் சீட்டு மெத்துனு இருக்கணும். கடையில நாள் பூரா ஒக்கார விட மாட்டாக. போக வரவாச்சும் ஒக்காந்துக்கிருவேன்."

ஆஸ்பத்திரி அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி இருந்தார். பிறகு, "நான் வேலைக்கு அதுல போக மாட்டேன்" என்றார். "எம் மக வீட்டுக்குப் போவேன். வாசல்ல எறங்குனா அவ மாமியா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிரும். எறங்காம மேலயே நின்னு பாத்துட்டு வந்துருவேன்."

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "எல்லாரும் பலூன்ல போயிட்டா நான் என்ன செய்ய? இந்த டப்பாவையும் பலூன்ல கட்டித் தூக்கச் சொல்லுங்க ஒங்க வீட்டுக்காரரை."

அதன் பிறகு தினமும் அந்தப் பேச்சு ஓடியது. பஸ் குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் யாராவது, "பலூன்ல இது கெடையாது" என்பார்கள். முன் சீட்டு ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்பது, "இன்னைக்கு என்ன சொன்னாக?" என்பதுதான். ஆஸ்பத்திரி அக்காவின் மகள் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மாசி கழிந்து காற்று அடங்கிய பிறகு, உண்மையிலேயே ஒன்று செய்து பார்க்கப் போகிறேன் என்றார். ஆளைத் தூக்குகிற பலூன் எங்கள் வீட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அது நம்மால் ஆகாது என்று அவருக்கே தெரியும். போனில் தேடித் தேடிப் படித்திருந்தார். "சின்னதா ஒண்ணு. ஒரு செருப்பைத் தூக்குனாப் போதும்" என்றார்.

மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் வாங்கி வந்தேன். வெட்டிய ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே செய்தித்தாளைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். மடியில் பலகையைக் குறுக்காக வைத்துக்கொண்டு அவரே தேய்த்தார். முதல் இரண்டும் ஓட்டையாகிப் போயின. சூடு கூடினால் உருகியது, குறைந்தால் பிரிந்தது. மூன்றாவதை ஊதிப் பார்த்துக் கன்னத்தை அதன்மேல் வைத்து எங்காவது காற்று கசிகிறதா என்று பார்த்தார். பிறந்தநாள் விழாவுக்கெல்லாம் பலூன் கட்டுகிற ஒருவர் டவுனில் இருந்தார். அவரிடம் ஹீலியம் சிலிண்டர் ஒன்றை ஒரு நாளைக்கு வாங்கி, பஸ்ஸில் காலுக்கடியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பறக்கவிட்டோம். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. அவருடைய அண்ணனும் தெருக்காரர்களும், "கட்டிலோட தூக்கிட்டுப் போயிருவோம்" என்றார்கள். "கட்டிலோட வேணாம்ண்ணே. அதுக்கு இன்னும் நாள் இருக்கு" என்றார் அவர். சக்கர நாற்காலியையே வண்டிப்பாதை வழியாக இழுத்தும் தூக்கியும் கரையில் ஏற்றி உள்ளே இறக்கினார்கள்.

கட்டில் நீளத்துக்கு இருந்த அந்தப் பிளாஸ்டிக் பை, வாயு ஏற ஏறப் புரண்டு நிமிர்ந்தது. கயிற்றை அவர் கையில் சுற்றிக்கொண்டார். நான் அவருடைய செருப்பு ஒன்றைக் கீழே கட்டினேன். விபத்துக்கு முன்னால் வாங்கியது, குதிகால் தேய்ந்த செருப்பு. அவர் கயிற்றை விட விட அது மேலே ஏறியது. ஆள் உயரம், கருவை உயரம், பனை உயரம். வெயில் பட்டு வெள்ளையாக மின்னியது. செருப்பு மெதுவாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓரகத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏலே, செருப்பு நடக்குதுடா" என்றார் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர்.

கயிறு என் கணவரின் விரல்களில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "இழுக்குது பாரு" என்று என்னிடம் சொல்லி என் கையை எடுத்துக் கயிற்றின்மேல் வைத்தார். ஒரு கன்றுக்குட்டி இழுக்கிற மாதிரி மெல்லிய இழுப்பு. அன்று மத்தியானம் வரை நாங்கள் கண்மாயிலேயே இருந்தோம். சாயங்காலத்துக்குள் வாயு கசிந்து பலூன் தொய்ந்துவிட்டது. சுருட்டி வைத்தோம்.

அது போதும் என்று நான் நினைத்தேன். அவருக்கு அது ஆரம்பமாக இருந்தது. பழைய மேஜை விசிறியின் மோட்டார், பேட்டரி, திருப்புவதற்கு ஒரு வால் இதெல்லாம் வைத்து இன்னும் பெரிதாக ஒன்று செய்ய வேண்டும், அது டவுன்வரை போய்த் திரும்ப வேண்டும் என்றார். அதில் எனக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புவாராம். ஷீட்டை விரித்தால் வீட்டில் நடக்க இடமில்லை. நான் வேலைக்குப் போனதும் இஸ்திரிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மதியம் கட்டிலில் சாய்க்க ஓரகத்தியை விடமாட்டார். முன்பெல்லாம் நான் வரும்போது அவர் எதையும் பார்க்காமல் கட்டிலில் கிடப்பார். இப்போது, "கொஞ்சம் பொறு, இந்த ஓரம் முடியட்டும்" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் கடைக்கு ஓரகத்தி போன் செய்தாள். "நீ உடனே வா. பதறாத. பதறாம வா" என்றாள்.

பலகை சாய்ந்து இஸ்திரிப் பெட்டி நழுவி அவருடைய வலது தொடைக்கும் நாற்காலியின் பக்கத் தகட்டுக்கும் நடுவில் போய்ச் சிக்கியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கையில் இருந்த ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கருகும் வாசனை வந்தபோது பிளாஸ்டிக்தான் கருகுகிறது என்று நினைத்தாராம். எங்கே கருகுகிறது என்று ஷீட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறார். கடைசியில் கீழே குனிந்து பார்த்திருக்கிறார். சாப்பாடு கொண்டுவந்த ஓரகத்தி பார்த்தபோது இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "மதினி, ஒயரைப் புடுங்குங்க" என்றுதான் சொன்னாராம்.

நான் போய்ப் பார்த்தேன். மருந்துக்கடையில் தீப்புண்ணுக்கு எத்தனையோ களிம்பு விற்றிருக்கிறேன். அந்தப் புண்ணைப் பார்த்ததும் எந்தக் களிம்பின் பேரும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். செத்த சதையை எடுத்தார்கள். உணர்வு இல்லாத உடம்பில் ஆறுவது கஷ்டம், அந்தப் பக்கம் சாயவே கூடாது, உட்காரவும் கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு அவரை இடது பக்கமாகத்தான் படுக்கவைத்தேன். எங்கள் கட்டில் கிடந்த வாக்கில் இடது பக்கம் சுவர். கட்டிலைத் திருப்பிப் போடுகிறேன், வாசலைப் பார்க்கலாம் என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

"வெளிச்சம் வரும். போற வாறவுகளைப் பாக்கலாம்."

"இருக்கட்டும்ங்கிறேன்."

அதோடு காற்றைப் பற்றிய பேச்சும் நின்றுவிட்டது. காலையில் நான் கிளம்பும்போது, "வாரேன்" என்றால் "ம்" என்பார். பஸ்ஸில் என்ன பேசினார்கள் என்று கேட்பதில்லை. போனைத் தொடுவதில்லை. பாதி ஒட்டிய பெரிய ஷீட்டைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தேன். வைக்கும்போது அது பெரிய சத்தம் போட்டது. அவர் திரும்பவில்லை.

தினமும் காலையிலும் மாலையிலும் புண்ணைக் கழுவிக் கட்டுவேன். ஒரு வாரம் ஓரம் சிவந்து ஆறுவது மாதிரி இருக்கும், மறுவாரம் மஞ்சளாகும். புண்ணின் வாசனை வீட்டை விட்டுப் போகவில்லை. கடையில் நிற்கும்போதும் என் கையில் அது இருப்பது மாதிரி இருக்கும். சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவுவேன்.

அவருக்குத் தீப்புண் பட்டது பஸ்ஸில் அந்த இருவருக்கும் தெரியும். ஆறிவிட்டதா என்று கேட்டார்கள். "ஆறிக்கிட்டு வருது" என்றேன். பலூன் என்னாயிற்று என்று ஜவுளிக்கடைப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வாரம் அவளுக்குக் கால் வீங்கியிருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். "வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. மோட்டாரு மாட்டியாச்சு" என்று சொல்லிவிட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. வால் வைத்துவிட்டார் என்றேன். நீலக் கலர் அடிக்கலாமா என்று கேட்டார் என்றேன். அவர்கள் கேட்கக் கேட்கச் சொன்னேன். வீட்டில் அவர் சுவரைப் பார்த்துக் கிடக்க, என் பஸ் பேச்சுக்குள் அவர் தினமும் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி அக்கா பழம் வாங்கி வந்திருந்தார். ஜவுளிக்கடைப் பெண் அவருக்கு ஒரு துண்டு எடுத்து வந்திருந்தாள். வாசலில் நின்றபோதே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வார்டுகளில் கூட்டிப் பெருக்குகிறவருக்கு அந்த வாசனை தெரியாமல் இருக்காது. என்னைப் பார்த்தார்.

உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் முதுகு மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காப்பி போடவும் தோன்றவில்லை.

அக்காதான் பேச்சை எடுத்தார். "தம்பி, ஒங்க பலூன்லதான் நான் இத்தன நாளா எம் மக வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

அவர் அசையவில்லை.

"வேலை முடிஞ்சு பஸ்ஸுல ஏறி ஒக்காந்து கண்ண மூடிக்கிருவேன். அப்படியே போயிருவேன். நேத்துக்கூடப் போனேன்."

சுவரைப் பார்த்தபடியே அவர் கேட்டார். "எறங்குனீகளா?"

"எறங்கல. மேல நின்னுதான் பாத்தேன். துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. இளைச்சுப் போயிருக்கா."

"எம்புட்டு ஒசரத்துல நிண்டீக?"

"அவுக வீட்டு வேம்புக்கு மேல."

"அது ரொம்ப ஒசரம். அங்கருந்து மொகம் தெரியாது." அவருடைய குரல் பழக்கம் இல்லாததால் கரகரத்தது. "இன்னுங் கொஞ்சம் கீழ வரலாம். அடுத்த தடவ எறங்கிருங்க. அந்தம்மா என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போகட்டும். வண்டி நிக்கும். நான் நிப்பாட்டி வைக்கிறேன்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜவுளிக்கடைப் பெண் துண்டைப் பிரித்து மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள்தான், "அண்ணே, எனக்குச் சீட்டு மெத்துனு கேட்டிருந்தேன்" என்றாள்.

"பஞ்சுக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சம்" என்றார் அவர்.

அவர்கள் போன பிறகு கட்டு மாற்ற உட்கார்ந்தேன். பழைய துணியைப் பிரிக்கும்போது, "நீ என்ன சொல்லி வச்சிருக்க அவுககிட்ட?" என்றார்.

"முடியப் போகுதுன்னு."

"மோட்டாரு?"

"மாட்டியாச்சுன்னு சொன்னேன்."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். இரண்டும் இல்லாத மாதிரி இருந்தது. "சரி, சொல்லிக்கிட்டே இரு" என்றார். கட்டிலை இப்போது திருப்பிப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அன்றைக்கு அவர் பேசியதைப் பார்த்துத் தேறிவிடுவார் என்று நம்பினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் ஈரம். புண் எலும்புவரை போய்விட்டது என்றார்கள். குளிர் காய்ச்சல் வந்தது, மாத்திரைக்கு இறங்கியது, மறுபடி வந்தது. ஒரு நாள் மத்தியானம் ஓரகத்தி போனில், "ஆளு என்னமோ ஒளறுறாரு" என்றாள். நான் வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது.

மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில் அவருக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது. "இன்னுமா இந்தக் குழிய மூடல" என்றார். ஒவ்வொரு குழியும் அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே எந்த இடம் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். பாளையம்பட்டி தாண்டும்வரை சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகு ரோடு நல்ல ரோடு. ஆட்டம் இல்லை. அவருக்கு இடம் தெரியாமல் போயிற்று. "எங்க வந்துருக்கோம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளுக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஓரகத்தி வந்து, பரணில் இருக்கும் ஷீட்டைக் கேட்டாள். சோளத்தட்டை அடுக்கிய படப்பு மழையில் நனைகிறது, மாட்டுக்கு வேறு தீவனம் இல்லை என்றாள். கேட்பதற்கு அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேருமாக விரித்துப் படப்பின்மேல் போட்டு ஓரங்களில் கல் வைத்தோம். அவர் தேய்த்து ஒட்டிய இடங்கள் கோடு கோடாகத் தெரிந்தன. ஒட்டாத பக்கம் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கேட்கக் கூடாது என்று அவள் மேலும் சில கல்லைத் தூக்கி வைத்தாள்.

நான் மறுபடி வேலைக்குப் போன அன்று பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு டவுன்வரை வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் யாரும் பலூனைப் பற்றிப் பேசவில்லை. குழி வந்தால் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். கண்டக்டர் என் பக்கம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். என் துக்கத்துக்காகத்தான் பேசாமல் இருந்தார்கள். நான் பேச்சை எடுத்திருந்தால் பேசியிருப்பார்கள். எனக்கு எடுக்கத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு வெளியூரில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் ஆயிற்று. அக்கா ஷிப்ட் மாறி வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மகள் வீட்டில் இறங்கினாரா என்று கேட்காமலே போயிற்று.

அடுத்த வருஷம் சாயங்கால பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். ஓரகத்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பாளையம்பட்டியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு கடைகள் தள்ளி, ஒரு சந்துக்குள் மாடி அறை. அங்கிருந்து டவுன் பஸ் அடிக்கடி இருக்கிறது. தவறினால் நடந்தே போகலாம்.

முதல் நாள் வேலை முடிந்து அறைக்கு வந்து கதவைத் திறந்தபோது வெயில் இன்னும் தரையில் கிடந்தது. கை கால் கழுவினேன். ஒருத்திக்கு வேண்டிய சோறு வைத்தேன். அது வெந்து இறக்கின பிறகும் வெளிச்சம் போகவில்லை. யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, நானும் எதற்கும் ஓட வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்தேன். எதிர் வீட்டுச் சுவர் தெரிந்தது. மூடிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து இருட்டட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.